வீல் சரியாகத்தான் இருந்தது, கார்டுதான் தப்பு. நான் சொன்னது வீணா?

கேள்வி:

வணக்கம் சார். காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன். வயது 24. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் லைன் மெயின்டனன்ஸில் (பறந்து வரும் விமானங்களை அங்கேயே பராமரிக்கும் பிரிவில்) டெக்னீஷியனாகச் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. போன மாதம் நைட் ஷிப்டில் நானும் ஒரு சீனியர் அண்ணனும் ஒரு விமானத்தின் மெயின் வீல் மாற்றினோம். கழற்றிய வீலை ஸ்டோர்ஸில் விடப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் வீலைப் பிடித்து நிறுத்தும் ஆக்சில் நட்டை முறுக்கி, அதை மூடும் ஹப் கேப்பையும் போட்டுவிட்டார். "முடிஞ்சுது, கார்டுல எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். செய்த வேலையைப் பதியும் டாஸ்க் கார்டு அது. டார்க் அளவை (எவ்வளவு விசையில் முறுக்கியது என்பதை) மேனுவலைப் பார்த்து எழுதினேன். அந்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்சின் நம்பரைப் பழைய கார்டு ஒன்றில் இருந்து எடுத்துப் போட்டேன். ரெண்டு நாள் கழித்து ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தால், நான் எழுதிய அந்த ரெஞ்ச் அந்த வாரம் முழுக்கக் கேலிபரேஷனுக்கு (அளவைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க) வெளியே போயிருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "வீல் கரீட்டாத்தான் இருக்கு, பேப்பர்தானே தப்பு. காலைல பைலட்டும் சுத்திப் பாத்துட்டுத்தான் எடுத்தாரு. விடுப்பா" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கார்டை மூடிக் கையெழுத்துப் போட்ட ஏஎம்இ (லைசென்ஸ் உள்ள விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) சாரிடம் சொல்லிவிட்டேன். அன்று இரவே விமானத்துக்கு ஜாக்கி வைத்து, வீலைத் திறந்து, நட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கினார்கள். நட்டு, பேரிங் எல்லாம் நன்றாகவே இருந்ததாம். காலையில் விமானம் ஒரு மணி நேரம் லேட். இப்போது அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அடுத்த வாரம் குவாலிட்டி பிரிவில் விசாரணை. அப்பா போட் மெக்கானிக். என் படிப்புக் கடன் பாதி அப்படியே இருக்கிறது. வீல் சரியாகத்தானே இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? விசாரணையில் என்ன சொல்வது?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

தம்பி, விசாரணை நெருங்குகிறது என்பதால் இந்தப் பதிலை முதலில் உங்களுக்கே அனுப்பிவிட்டேன். உங்களைப் போல இன்னும் நிறைய பேர் இதே யோசனையில் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது சரி. எழுதினது தப்பு. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விசாரணையில் இரண்டைப் பற்றியும் கேட்பார்கள்.

என் அப்பா பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை பார்த்தவர். ரயில் வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு பெட்டி பெட்டியாக நடந்து சக்கரத்தைத் தட்டுவார். நல்ல சக்கரம் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போகும். சந்தேகம் வந்தால் பெட்டி மேல் சாக்பீஸால் குறி போட்டு ரிப்பேருக்கு நிறுத்தும் 'சிக் லைனு'க்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து, எந்தக் கோளாறையும் கண்ணாலோ காதாலோ பிடித்துவிடலாம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். விமான வேலைக்கு வந்தபிறகுதான், எப்படித் தட்டினாலும் உற்றுப் பார்த்தாலும் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன என்று புரிந்தது. முறுக்கிய நட்டின் இறுக்கம் அதில் முதல்.

நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீலைப் போட்டு நட்டை ஒரே மூச்சில் முறுக்கிவிட முடியாது. வீலைக் கையால் சுற்றிக்கொண்டே முதலில் கூடுதலான டார்க்கில் முறுக்க வேண்டும். பேரிங் உருளைகள் தங்கள் இடத்தில் போய் உட்காருவதற்காக அது. அப்புறம் தளர்த்தி, மறுபடி சுற்றிக்கொண்டே குறைந்த டார்க்கில் முறுக்கி, லாக் போட வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடாகிக் கருகும். குறைந்தால் வீல் ஆடி ஆடி பேரிங்கைத் தின்னும். எந்தப் பக்கம் தப்பினாலும் பேரிங் உடைந்து வீலே ஆக்சிலை விட்டுக் கழன்று போகலாம். வெவ்வேறு நாடுகளில் அப்படி ஆகியும் இருக்கிறது. இவ்வளவையும் ஹப் கேப் மூடிவிடுகிறது.

இப்போது அண்ணன் சொன்ன பைலட் விஷயத்துக்கு வருவோம். விமானம் புறப்படும் முன் பைலட் ஒரு சுற்று வருகிறார். டயரில் வெட்டு இருக்கிறதா, தேய்மானம் எவ்வளவு, பிரேக் தேய்மானத்தைக் காட்டும் பின் எவ்வளவு வெளியே நிற்கிறது, ஹைட்ராலிக் எண்ணெய் எங்காவது சொட்டுகிறதா, இன்ஜின் பிளேடில் அடி பட்டிருக்கிறதா, லேண்டிங் கியர் பின்களை எடுத்தாயிற்றா, வேகத்தை அறிய உதவும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றியாயிற்றா, உயரத்தையும் வேகத்தையும் அறியக் காற்றழுத்தத்தை எடுக்கும் ஸ்டேட்டிக் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். அதிகாலை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், மழையில்கூடப் பார்க்கிறார். நான் அந்தச் சுற்றை மதிக்கிறேன். அது காப்பாற்றிய விமானங்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஹப் கேப்புக்குள் இருக்கும் நட்டை எந்தப் பைலட்டாலும் பார்க்க முடியாது.

பார்க்க முடிகிற இடத்திலேயே கண் தவறும். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவில் இருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏரோபெரு 603, ஒரு போயிங் 757. விமானத்தைக் கழுவும்போது ஸ்டேட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. டேப்பும் வெள்ளி நிறம், உடம்பும் வெள்ளி நிறம். புறப்படும் முன் சுற்றிப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. உயரம், வேகம் எதுவும் சரியாகத் தெரியாமல் தடுமாறிக் கடலில் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் ஒரு ஏர்பஸ் ஏ330 விமானம், பிட்டோ உறைகளோடேயே ஓடுபாதையில் ஓடி மேலே ஏறிவிட்டது. அங்கே குளவி பிட்டோ குழாய்க்குள் கூடு கட்டும் என்பதால் உறை போட்டிருந்தார்கள். நல்லவேளையாகத் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. சிவப்பு நாடா தொங்குகிற உறைக்கே இந்த நிலைமை. மூடிக்குள் இருக்கிற நட்டுக்கு 'காலையில் பைலட் பார்ப்பார்' என்பது எந்த விதத்திலும் காவல் ஆகாது.

ஆக, அந்த நட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது உங்கள் கார்டில் இருக்கிற இரண்டு வரிதான். எவ்வளவு டார்க், எந்த ரெஞ்ச். ரெஞ்ச் நம்பரை எழுதச் சொல்வது ஏதோ ஸ்டோர்ஸ் கணக்குக்காக என்று பல டெக்னீஷியன்கள் நினைக்கிறார்கள். ஒரு ரெஞ்ச் கேலிபரேஷனுக்குப் போய், அங்கே அது தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தால் முதல் கேள்வி என்ன? கடைசியாகச் சரிபார்த்ததற்குப் பிறகு இது எந்தெந்த விமானத்தில் எந்தெந்த நட்டைத் தொட்டது? கார்டுகளைத் தேடி அத்தனையையும் மறுபடி பார்ப்பார்கள். அன்று உண்மையில் பயன்பட்ட ரெஞ்ச் ஒன்று இருக்கிறது அல்லவா, அதில் நாளைக்குக் கோளாறு தெரிந்தால் உங்கள் விமானம் அந்தத் தேடலில் அகப்படவே அகப்படாது. நீங்கள் எழுதிய நம்பர் அதை மறைத்துவிட்டது. அண்ணன் 'பேப்பர்தானே தப்பு' என்றாரே, அந்தப் பேப்பரில் உடைந்தது இதுதான்.

இன்னொன்று. ஏஎம்இ சார் தன் லைசென்ஸை வைத்து விமானத்தைப் பறக்க விடுவிக்கும்போது, ஒவ்வொரு நட்டையும் அவர் முறுக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் கையெழுத்தை நம்புகிறார். அவருக்கும் அன்று தெரியாது, பைலட்டுக்கும் தெரியாது.

வீல் சரியாகத்தானே இருந்தது என்ற உங்கள் கேள்விக்கு 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574, எம்ப்ரேயர் 120 ரகம். முந்தின நாள் இரவு, வால் மேல் இருக்கிற கிடைமட்ட இறக்கையின் முன்விளிம்பில் பனி நீக்கும் ரப்பரை மாற்றுகிற வேலை. ஒரு ஷிப்டில் இரண்டு பக்கமும் மேல் திருகுகளைக் கழற்றிவிட்டார்கள். இடது பக்கம் மட்டும் 47 திருகு. கழற்றியது வேலைக் கார்டில் ஏறவில்லை. அடுத்த ஷிப்ட் வலது பக்கத்தை முடித்து விமானத்தைக் கொடுத்துவிட்டது. இடது பக்க முன்விளிம்பு, மேல் திருகு ஒன்றுகூட இல்லாமல் கீழ்த் திருகுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ரகத்தில் வால் இறக்கை உயரே, டி எழுத்து மாதிரி இருக்கும். தரையில் நின்று பார்த்தால் அதன் மேல்பக்கத் திருகுகள் தெரியாது. காலையில் ஹூஸ்டனில் இருந்து லரேடோ போனது. பத்திரமாக இறங்கியது. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் 'விமானம் நன்றாகத்தானே வந்து சேர்ந்தது' என்றுதான் பதில் வந்திருக்கும். திரும்பி வரும் வழியில், ஈகிள் லேக் என்ற ஊர்ப் பக்கம் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது முன்விளிம்பு பிய்ந்துபோனது. விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அந்தத் திருகுகள் விமானத்தில் இல்லை என்று ஒரு வரி அந்த வேலைக் கார்டில் இருந்திருந்தால் அன்று எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

உங்கள் வீலும் அந்தச் சில நாள் பத்திரமாக இறங்கியது. அது எப்படி இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் சொன்னதால், வீலைத் திறந்த அந்த இரவில், தெரிந்தது. திறந்து பார்த்தபோது நன்றாக இருந்ததற்காக நான் சந்தோஷப்படுகிறேன். நீங்களும் சந்தோஷப்படுங்கள். அண்ணனும் அதற்குத்தான் சந்தோஷப்பட வேண்டும், அவர் முறுக்கிய நட்டுதானே அது.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். 1993. நான் இறக்கைக்கு அடியில் ஒரு மூடியைக் கழற்றி ஒரு வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய சீல் ஸ்டோர்ஸில் இல்லை, விடிந்தால் வரும் என்றார்கள். மூடி தொங்கக்கூடாது என்று நாலே நாலு திருகை மட்டும் மாட்டினேன். மீதி எல்லாம் ஒரு துணிப்பையில். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. ஹேண்ட் ஓவர் புத்தகத்தில் 'சீல் வர வேண்டும்' என்று எழுதினேன். நாலு திருகை எழுதவில்லை. மீனம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ராயபுரம் வீட்டுக்குப் போக பீச் ஸ்டேஷன் வரை தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். சைதாப்பேட்டை தாண்டும்போது முழிப்பு வந்தது. ஒருவேளை சீல் இல்லாமலேயே வேலையைத் தள்ளிவைத்து விமானத்தை அனுப்பிவிட்டால்? கோடம்பாக்கத்தில் குதித்து இறங்கி ஓடினேன். ஒரு எஸ்டிடி பூத் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை என்கேஜ்டு. மூன்றாவது தடவை எடுத்தார்கள். விமானத்தில் பயணிகள் ஏறி, கதவு மூடியிருந்தது.

திறந்தார்கள், திருகுகளைப் போட்டார்கள், பெங்களூர் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அந்த வருஷ இன்க்ரிமென்ட் தள்ளிப்போனது. வீட்டில் சொல்லவே ஒரு வாரம் ஆனது. அடுத்த வருஷம் நான் லைசென்ஸ் பரீட்சைக்குப் போனபோது லீவு கொடுத்து அனுப்பியவர், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே சூப்பர்வைசர்தான்.

ஆனால் தம்பி, என்னுடையது மறதி. உங்களுடையது வேறு. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக, கையில் இல்லாத ரெஞ்சை இருந்ததாக, தெரிந்தே எழுதினீர்கள். இதைச் சொல்லாமல் உங்களுக்குத் தைரியம் மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். விசாரணையில் 'தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். தவறுதல் என்றால் 3-ஐ 8 என்று எழுதுவது. உங்களுடையதைக் கேட்பவர்கள் இரண்டு நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். தண்டனை எதுவும் வராது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. யாரும் கண்டுபிடிக்கும் முன் நீங்களாக வந்து சொன்னீர்கள் என்பது உங்கள் பக்கம் இருக்கிற பெரிய விஷயம். நேர்மையாகச் சொன்னவனையும் மறைத்தவனையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நடைமுறை. நல்ல குவாலிட்டி ஆபீஸ் அதன்படி நடக்கும்.

அண்ணனைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. லைசென்ஸ் பரீட்சையின் 9-வது மாட்யூலில் மனிதக் காரணிகள் படித்திருப்பீர்கள். கனடாவின் கார்டன் டூபான்ட் 1993-ல் தொகுத்த 12 காரணங்கள் அதில் வரும். அதில் ஒன்று, ஓர் இடத்தில் எல்லோரும் செய்வதால் விதி மாதிரியே ஆகிவிட்ட பழக்கம். 'முடிச்சவன் ஒருத்தன், எழுதறவன் ஒருத்தன்' என்பது உங்கள் ஷிப்டில் அப்படி ஆகிவிட்டது. அண்ணனுக்கும் யாரோ ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பார். இது அவரை நியாயப்படுத்தாது. ஆனால் விசாரணையில் அவர் ஒருவர் தலையில் எல்லாம் விழுந்து, பழக்கம் அப்படியே இருந்துவிட்டால், அடுத்த வருஷம் இன்னொரு பையன் எனக்குக் கடிதம் எழுதுவான்.

விசாரணைக்கு முன் ஒரு தாளில் நடந்ததை நேர வரிசையில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஜாக்கி வைத்தீர்கள், எப்போது ஸ்டோர்ஸ் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள், அப்போது ஹப் கேப் போட்டிருந்ததா, கையில் எந்த ரெஞ்ச் இருந்ததைப் பார்த்தீர்கள் அல்லது பார்க்கவில்லை. பார்த்ததை 'பார்த்தேன்' என்றும், பார்க்காததை 'பார்க்கவில்லை' என்றும் எழுதுங்கள். 'அப்படித்தான் செய்திருப்பார்' என்ற வரி ஒன்றுகூட வரக்கூடாது. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அந்தக் கார்டை நீங்களாகத் தொடாதீர்கள். யாராவது 'எடுத்துட்டு வா, சரியான நம்பரைப் போட்டு வேற கார்டு எழுதிடலாம்' என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். திருத்துவது தேவைப்பட்டால், பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவதுதான் முறை. பழைய பதிவு தெரிந்தாக வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. வைட்னர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேட்டால் சொல்வதற்கு ஒரு யோசனையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸில் ரெஞ்ச் வாங்கும்போது கொடுக்கிற சீட்டை டாஸ்க் கார்டோடு இணைத்துவிட்டால், பழைய கார்டைப் பார்த்து எழுதவே முடியாது. கார்டை மூடும்போதே நம்பரும் சீட்டும் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துவிடும். அன்று இரவு வீல் மாற்ற இரண்டே பேர்தான் இருந்தீர்கள், ஒருவர் ஸ்டோர்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லுங்கள். அது புகார் ஆகாது, நடந்தது அதுதான். உள்ளே யாரும் காது கொடுக்கவில்லை என்றால், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவுக்கே தானாக முன்வந்து தகவல் கொடுக்கிற வழி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லுங்கள். அவருக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் எத்தனை போட் இன்ஜினை அவர் பிரித்துப் போட்டு மாட்டியிருப்பார். அவர் வேலைக்கு கார்டு கிடையாது. ஆனால் கடலில் இன்ஜின் நின்றால் போட்காரர் நேராக உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார், இருவருக்கும் முகம் தெரியும். நீங்கள் தொட்ட வீலில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. அடுத்த முறை டெல்லியிலோ கொல்கத்தாவிலோ அந்த வீலைத் திறக்கிற பையனுக்கும் தெரியாது. அவனுக்கு நீங்கள் என்றால் கார்டில் இருக்கிற அந்தக் கையெழுத்துதான். அப்பாவுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும்.

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணனிடம் போய் நில்லுங்கள். என்ன சொல்வது என்று இருவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள வேண்டாம், அதற்காகப் போகவும் வேண்டாம். "அண்ணா, நான் ஸ்டோர்ஸ் போயிருந்தேன், நீங்க முறுக்கினதை நான் பாக்கலைன்னு எழுதியிருக்கேன். ரெஞ்ச் நம்பரை நானா போட்டேன்னும் எழுதியிருக்கேன். உங்களைப் பத்தி வேற எதுவும் எழுதலை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.